நிலாவும் கோள்களும் பார்க்க ஒரு சின்ன டெலஸ்கோப்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

கடைக்கு வருகிறவர்கள் டெலஸ்கோப்பைத் தொடுவதற்கு முன்பே கேட்கும் கேள்வி, "இது எத்தனை பவர்?" என்பதுதான். பெட்டிமேல் 675 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் கேட்கத்தானே தோன்றும்! அந்த எண் எப்படி வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறோம்.

டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை (லென்ஸோ ஆடியோ ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும் தூரம்), ஐபீஸின், அதாவது கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸின், குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது உருப்பெருக்கம். 900 மி.மீ. குழாயில் 4 மி.மீ. ஐபீஸ் போட்டால் 225 மடங்கு. அதோடு, உருப்பெருக்கத்தை 3 மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றைச் சேர்த்துவிட்டால் 675. கணக்கு சரிதான், பிம்பம்தான் சரியில்லை. முன்பக்க லென்ஸின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதன் இரண்டு மடங்குதான் பயனுள்ள உருப்பெருக்கத்தின் உச்சவரம்பு. இந்த மாதிரி பெட்டிகளில் வரும் 70 மி.மீ. லென்ஸுக்கு அது 140. அதற்கு மேலே போனால் வியாழன் பெரிதாகத் தெரியும், ஆனால் மங்கலான ஒரு உருண்டையாக. ஆகவே பவரை விட்டுவிட்டு விட்டத்தைக் கேளுங்கள்.

நிலாவும் கோள்களும்தான் நோக்கம், வீட்டில் இடம் குறைவு, மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பவர்களுக்கு நாங்கள் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது மக்சுடோவ் வகை. 1941-இல் திமித்ரி மக்சுடோவ் என்ற சோவியத் ஒளியியலாளர் உருவாக்கிய வடிவமைப்பு இது. முன்னால் கிண்ணம்போல் வளைந்த தடித்த கண்ணாடி ஒன்று, உள்ளே ஒரு குழி ஆடி. ஒளி குழாய்க்குள்ளேயே முன்னும் பின்னும் மடங்கிப் போவதால், 1300 மி.மீ. குவியத் தூரம் கொண்ட 102 மி.மீ. டெலஸ்கோப் ஏறக்குறைய ஓர் அடி நீளத்தில் அடங்கிவிடுகிறது. அதே குவியத் தூரத்தில் லென்ஸ் டெலஸ்கோப் வாங்கினால் நான்கடிக்கு மேல் நீளம் வரும்.

நம் ஊருக்கு இந்தக் குட்டைக் குழாய் இன்னொரு வகையிலும் பொருந்துகிறது. தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் கோள்கள் பல மாதங்கள் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே கடந்து போகின்றன. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத வசதி இது. தடித்த காற்றுப் படலத்தின் வழியாகச் சாய்வாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் நீளமான குழாயை நேர் மேலே திருப்பினால் அதன் வால் ஸ்டாண்டின் காலில் இடிக்கும். குட்டையான குழாய்க்கு அந்தத் தொல்லை குறைவு.

வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் சாய்ந்த அச்சு கொண்ட ஈக்குவடோரியல் ஸ்டாண்டு வேண்டும் என்று கேட்பவர்களிடம் கொஞ்சம் யோசிக்கச் சொல்கிறோம். அதன் அச்சை நம் அட்சரேகைக்கு ஏற்ப, சென்னையில் 13 பாகை, மதுரையில் 10 பாகை என்று தாழ்த்த வேண்டும். சின்ன மாடல்கள் பலவற்றில் அந்த அளவுக்குத் தாழ்த்தினால் எடைக்கல் ட்ரைபாட் காலில் மோதும். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் சாதாரண ஆல்ட்-அஸிமத் ஸ்டாண்டே போதும். அது கனமாக இருக்கட்டும். குழாய் சின்னதாக இருக்கலாம், கால்கள் ஒல்லியாக இருக்கக்கூடாது. 130 மடங்கில் பார்க்கும்போது விரல் பட்ட அதிர்வுகூட 130 மடங்கு பெரிதாகும். குழாயை லேசாகத் தட்டிப் பாருங்கள். ஓரிரு நொடிக்குள் பிம்பம் அடங்காவிட்டால் எங்கள் கடையிலேயே ஆனாலும் அந்த ஸ்டாண்டை வாங்காதீர்கள்.

மக்சுடோவில் எந்த அளவு விட்டம் வாங்குவது? 90 மி.மீ. பயணத்துக்கு வசதி, சிறுவர்களும் தூக்கலாம். 127 மி.மீ.யில் நுணுக்கம் கூடும், ஆனால் எடையும் கூடும், அதற்கேற்ற ஸ்டாண்டின் விலையும் கூடும். பெரும்பாலோருக்கு 102 போதும் என்பதே எங்கள் கருத்து. 25 மி.மீ. ஐபீஸில் 52 மடங்கு. முழு நிலாவும் ஒரே பார்வையில் அடங்கும். 10 மி.மீ. ஐபீஸில் 130 மடங்கு. சனியின் வளையமும் வியாழனின் பட்டைகளும் தெளிவாகத் தெரியும். இந்த இரண்டோடு ஆரம்பியுங்கள். பார்லோவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தொலைதூர நெபுலாக்கள் (வாயு, தூசி மேகங்கள்), விண்மீன் கூட்டங்கள் என்று ஆசை இருப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. பார்வைப் புலம் குறுகல். அவர்களுக்கு மேசைமேல் வைத்துத் திருப்பும், ஆடி கொண்ட 130 மி.மீ. டாப்சோனியன் நல்லது, அதில் நிலாவும் கோள்களும்கூட நன்றாகவே தெரியும். ஆடிகளை அவ்வப்போது சீரமைக்கும் பொறுமை மட்டும் வேண்டும். 114 மி.மீ. விட்டம், 1000 மி.மீ. குவியத் தூரம், ஆனால் குழாய் ஒன்றரை அடிதான் என்ற நியூட்டோனியன் (ஆடி டெலஸ்கோப்) கிடைத்தால் தவிர்த்துவிடுங்கள். அதற்குள் ஒரு மலிவான லென்ஸை ஒளித்து வைத்து நீளத்தை ஈடுகட்டியிருப்பார்கள்.

எதிர்பார்ப்பையும் சொல்லிவிட வேண்டும். வியாழன் நன்றாக நெருங்கியிருக்கும்போது 40 மடங்கில், வெறுங்கண்ணுக்கு நிலா எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகத் தெரியும். இரண்டு பழுப்புப் பட்டைகள், நான்கு நிலவுகள். மணிக்கணக்கில் பார்த்தால் நிலவுகள் இடம் மாறுவதே தெரியும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டி மெலிந்து போயிருந்தது. 2032 வாக்கில் நன்றாக விரிந்துவிடும். செவ்வாய் சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் அருகில் வரும், அடுத்து 2027 பிப்ரவரியில். அப்போதும் சின்னதாகத்தான் இருக்கும்.

உண்மையான விருந்து நிலாதான். பௌர்ணமி அன்று பார்க்காதீர்கள். நிழலே இல்லாமல் தட்டையாகக் கூசும். வளர்பிறை பஞ்சமியிலிருந்து தசமிவரை, வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பாருங்கள். பஞ்சமி, சஷ்டி வாக்கில் தியோபிலஸ், சிரில்லஸ், கேத்தரினா என்று மூன்று பள்ளங்கள் வரிசையாக நிற்கும். அஷ்டமி, நவமியில் சுமார் 110 கி.மீ. நீளமுள்ள 'நேர்ச்சுவர்' என்ற பிளவுச் சரிவு கத்தியால் கீறியதுபோல் தெரியும். அதற்கடுத்து 93 கி.மீ. அகலக் கோப்பர்நிக்கஸ் பள்ளம், படிப்படியான உள்சுவர்களோடு. நகர வெளிச்சம் இதற்கெல்லாம் தடையே இல்லை. பகலில் சூடேறிய சிமென்ட் தளமும் பக்கத்து வீட்டு ஏசியின் வெளி யூனிட்டும்தான் எதிரிகள். பிம்பம் நீருக்கடியில் இருப்பதுபோல் நெளியும். நட்சத்திரங்கள் அதிகம் சிமிட்டாத இரவாகத் தேர்ந்தெடுங்கள்.

ஏசி அறையிலிருந்து நேராக மாடிக்குக் கொண்டுபோனால் முன்கண்ணாடி பனித்துவிடும். துணியால் துடைக்க வேண்டாம். அரை மணி நேரம் முன்பே, மூடியைக் கழற்றாமல் வெளியில் வைத்துவிடுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். கண்ணாடியில் பூஞ்சை பிடித்தால் எங்களாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

கண்ணுக்குக் கண்ணாடி போடுபவர்கள், சிலிண்டர் பவர் இல்லையென்றால் கழற்றிவிட்டே பார்க்கலாம். ஃபோக்கஸ் திருகு அதைச் சரிசெய்துவிடும்.

கடைசியாக ஒன்று, சிறுவர்கள் உள்ள வீடுகளுக்கு முக்கியமானது. எந்த டெலஸ்கோப்பையும் சூரியன் பக்கம் திருப்பக்கூடாது. ஒரு நொடியில் பார்வை போய்விடும். பழைய பெட்டிகளில் ஐபீஸில் திருகும் கறுப்பு சன் ஃபில்டர் வந்திருந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். சூட்டில் அது விரிசல் விடும். சூரியனைப் பார்க்க வேண்டுமென்றால் குழாயின் முன்வாயை முழுதாக மூடும் சான்றளித்த ஃபில்டர் மட்டுமே.

வாங்குவதற்கு முன் பார்த்துவிட்டு முடிவெடுக்க விரும்புகிறவர்கள், வானம் தெளிந்திருக்கும் வளர்பிறை அஷ்டமியை ஒட்டி மாலை ஏழு மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள். 90, 102, 127 மூன்றையும் மாடியில் வைத்துக் காட்டுகிறோம். வீட்டில் பழைய டெலஸ்கோப் கிடந்தால் அதையும் எடுத்துவாருங்கள். பல சமயம் ஸ்டாண்டையோ ஐபீஸையோ மட்டும் மாற்றினாலே போதும்.

அன்புடன்,
உங்கள் கடையினர்