என்னங்க, டெல்லிக்குப் போகிறேன்

என்னங்க,

புதன்கிழமை சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பதவி உயர்வு, கூடவே மாறுதல், டெல்லி. முன்பு வந்தபோதெல்லாம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த அதே கையால்தான்.

நேரில் சொல்லாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். நான் பேச ஆரம்பித்ததும் நீங்கள் எழுந்துபோய் மோட்டார் போடுவீர்கள். தொட்டி நிரம்பி வழிந்தாலும் போடுவீர்கள். ஆனால் இங்கே எழுதுவதை ஒன்று விடாமல் படிக்கிறீர்கள். போன மாதம் பெயர் போடாமல் 'இவ்விடத்தில் ஒற்று மிகாது' என்று ஒரு பின்னூட்டம் வந்ததே, வேதியியல் வாத்தியாருக்கு இலக்கணம் எதற்கு என்று சிரித்துக்கொண்டேதான் திருத்தினேன்.

இதை உங்கள் அக்காவும் படிப்பார்கள். என் அலுவலகத்தில் பாதிப் பேர் படிப்பார்கள். அதனால் சில இடங்களை நீங்களாக இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

2012 ஜனவரியில் நாம் ஏன் டெல்லிக்குக் கிளம்பினோம் என்பது அப்படிப்பட்ட ஓர் இடம். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்த டாக்டரம்மாவுக்குத் தெரியும். போதும். 'எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க சார்' என்று அவர் உங்களைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். சார் மனைவியை டெல்லி கூட்டிப்போய்க் காட்டினார் என்று உங்கள் பக்கத்து உறவில் இன்றைக்கும் பேச்சு. போனது என் எல்.டி.சி.யில், என் பேங்க் தரும் விடுமுறைப் பயணச் சலுகையில். இதை எங்கேயாவது ஒரு முறை எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன், எழுதிவிட்டேன்.

அந்தப் பச்சை டைரியில் மணிவாரியாகத் திட்டம் போட்டிருந்தீர்கள். முதல் நாள் செங்கோட்டை, மதியம் தாமரைக் கோயில். லாகூர் வாசலுக்கு எதிரே போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, திங்கட்கிழமை கோட்டை விடுமுறை. தாமரைக் கோயிலுக்கும் அன்றைக்கே விடுமுறை. 'பேங்க்ல வேலை பாக்கிறவளுக்கு லீவு நாள் தெரிஞ்சிருக்க வேணாமா?' என்றீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சிரித்தேன். ஊருக்கு வந்த பிறகு அதே வாக்கியம் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் 'இவ சொதப்பினதாலதான் செங்கோட்டை பாக்கல' என்று மாறிக்கொண்டே போனதுதான் சிரிப்பாக இல்லை.

புகைப்படங்களை நேற்று எடுத்துப் பார்த்தேன். எதிலும் என் முகம் தெரியவில்லை. 'அளவு தெரியணும், அங்க போய் நில்லு' என்று தள்ளி நிறுத்தி எடுத்தவை. 72.5 மீட்டர் உயரக் குதுப் மினாருக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளி. 42 மீட்டர் இந்தியா கேட்டுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. குடியரசு தின ஒத்திகைக்காகத் தடுப்பு போட்டிருந்தார்கள், பனிமூட்டம் வேறு, புள்ளியே விழவில்லை. அந்த வளைவுக்கடியில் எரிந்த அமர் ஜவான் ஜோதியை அடுத்த முறை பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்றீர்கள். 1972இல் ஏற்றிய அந்தச் சுடரை 2022 ஜனவரியில் பக்கத்திலிருக்கும் தேசியப் போர் நினைவிடத்துச் சுடரோடு சேர்த்துவிட்டார்கள். நாம் நடந்த ராஜபாதைக்கு இப்போது கர்த்தவ்ய பாதை என்று பெயர். உங்கள் அடுத்த முறைக்காக ஊர் காத்திருக்கவில்லை.

அங்கிருந்து மெட்ரோவில் குதுப் மினார் போனோமே, அதைத்தான் எழுத வந்தேன்.

அந்த ரயிலில் நடந்ததை நீங்கள் உங்கள் பக்கத்திலிருந்து பல முறை சொல்லியிருக்கிறீர்கள். என் பக்கத்தை நான் சொன்னதில்லை.

டெல்லியில் இறங்கியதிலிருந்து என் இடது மணிக்கட்டு உங்கள் கையில்தான் இருந்தது. பஸ்ஸில், நடைபாதையில், கரோல்பாக் கடைகளில், எல்லா இடத்திலும். 'கூட்டம், தொலைஞ்சிடுவ.' சென்ட்ரல் செக்ரட்டேரியட் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றபோது நாம் நின்றது முதல் பெட்டிக்கு எதிரே. கதவு திறந்தது, பின்னாலிருந்து பெண்கள் தள்ள, நான் உள்ளே போய்விட்டேன். உங்களை ஒரு பாதுகாவலர் கைகாட்டி நிறுத்தினார். அது பெண்களுக்கு மட்டுமான பெட்டி, 2010இல்தான் வந்த ஏற்பாடு, நம் இருவருக்குமே தெரியாது. நீங்கள் ஓடி அடுத்த பெட்டியில் ஏறியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

கதவு சாத்தியதும் நான் செய்த முதல் காரியம், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டது.

அந்த ரயிலில் பெட்டிக்குப் பெட்டி சுவர் கிடையாது. இணைப்பில் வந்து நின்றால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியும். நீங்கள் வந்து நின்றீர்கள். பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, மப்ளரோடு, எக்கி எக்கி. அடுத்த ஸ்டேஷன் அறிவிப்பு வரும்போதெல்லாம் கதவுக்கு மேலே இருந்த வரைபடத்தைப் பார்ப்பதும், என்னைத் தேடுவதுமாக. இரண்டு டோக்கனும் உங்கள் சட்டைப் பையில். அது இல்லாமல் நான் ஸ்டேஷனை விட்டு வெளியே போக முடியாது. எங்கே தொலைந்துவிடுவேன்?

நான் ஒரு கை உயர்த்தியிருந்தால் போதும். உயர்த்தவில்லை. ஒரு தடித்த அம்மாள் பக்கத்தில் நின்றிருந்தார், அவருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

உத்யோக் பவன், ரேஸ் கோர்ஸ், ஜோர் பாக். (ரேஸ் கோர்ஸ் என்ற பெயரும் 2016இல் போய், லோக் கல்யாண் மார்க் ஆகிவிட்டது.) பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். பேங்கில் பிரக்யா என்ற இந்தித் தேர்வு வரைக்கும் எழுதித் தேறிய இந்தி, அதுவரை சுற்றறிக்கைக்கும் கையெழுத்துக்கும் மட்டுமே பயன்பட்ட இந்தி, தங்குதடையில்லாமல் வந்தது. எந்த ஊர், என்ன வேலை, டெல்லி பிடித்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எய்ம்ஸ் தாண்டியதும், 'தனியாகவா வந்திருக்கிறீர்கள்?' என்றாள்.

ஆமாம் என்றேன்.

உங்கள் தலை அங்கே தெரிந்துகொண்டிருந்தபோதே சொன்னேன். அவள் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. 'நல்லது' என்றுவிட்டு ஹவுஸ் காஸில் இறங்கிப் போய்விட்டாள். சாகேத் வரைக்கும் பூமிக்கடியிலேயே போன வண்டி அதற்குப் பிறகு மேலே ஏறியது. சட்டென்று பெட்டி முழுக்க வெளிச்சம். அந்த வருஷத்தில் எனக்கு முதன்முதலாகப் பசித்தது அப்போதுதான். அந்த வருஷத்தில் நான் எப்படிச் சாப்பிட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் அந்தப் பசி என்னவென்றும் தெரியும்.

மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களைத் தவிக்கவிட்டதற்காகக் கேட்கிறேன். ஆமாம் என்று சொன்னதற்காகக் கேட்கவில்லை. இன்னொரு முறை அதே பெட்டியில் ஏற்றிவிட்டாலும் அதையேதான் சொல்வேன். அப்புறம் எதற்கு மன்னிப்பு என்று கேட்பீர்கள். தெரியவில்லை, கேட்கத் தோன்றுகிறது, கேட்கிறேன்.

இறங்கியதும் 'எங்கடி போய்த் தொலைஞ்ச?' என்று கத்தினீர்கள். நடைமேடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி மணிக்கட்டு. ஆனால் உங்கள் விரல்கள் ஜில்லென்று நடுங்கிக்கொண்டிருந்தன. இந்தி ஒரு வார்த்தை தெரியாமல், யாரிடமும் எதுவும் கேட்க முடியாமல் பத்து ஸ்டேஷன் நின்றுகொண்டே வந்திருக்கிறீர்கள். தொலைந்துவிடுவோம் என்று பயந்தது யார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. அதன் பிறகு நீங்கள் கையைப் பிடித்தபோதெல்லாம் கோபத்தோடு இரக்கமும் வந்தது. இரக்கம் வந்துவிட்டால் ஒருவரை எதிர்த்துப் பேச முடிவதில்லை. இத்தனை வருஷம் பேசாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனிலிருந்து மினார் தூரம், ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது. பேரம் பேசியது நான். நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அப்புறம் இரும்புத் தூணுக்கு முன்னால் நின்றீர்களே, அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே அடுக்காது. சுற்றிலும் வேலி. முன்பெல்லாம் தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்பக்கமாகக் கைகளைக் கோத்து அணைத்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்பார்கள், 1997இல் வேலி போட்டுவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே ஆரம்பித்தீர்கள். 1,600 வருஷத் தூண், ஆறு டன்னுக்கும் மேல் எடை, மழையிலும் வெயிலிலும் நின்றும் ஏன் துருப்பிடித்து உதிரவில்லை? அந்தக் காலத்து இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். முதலில் பிடித்த துருவே மெல்லிய படலமாகப் படிந்து, மேற்கொண்டு துரு ஏறாமல் காக்கிறது. அதை ஆராய்ந்து சொன்னவர் நம்ம ஆள், ஐ.ஐ.டி. கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் என்றபோது உங்கள் குரலில் வந்த பெருமை! மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் நின்று கேட்டது. அந்தப் பையன் கேள்வி கேட்டான், நீங்கள் மண்டிபோட்டு அவன் உயரத்துக்கு வந்து பதில் சொன்னீர்கள். நான் தள்ளி நின்று அந்தப் பையனைப் பார்த்தேன், உங்களைப் பார்த்தேன். இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

அன்றிரவு எனக்கு வலி வந்தது. பனியில் இறங்கிப் போய், மருந்துக் கடைக்காரரிடம் அபிநயம் பிடித்துக் காட்டி வெந்நீர்ப் பை வாங்கி வந்தீர்கள். நள்ளிரவு தாண்டியிருக்கும். என்ன அபிநயம் பிடித்தீர்கள் என்று நான் கேட்கக் கேட்க, கட்டிலைச் சுற்றி நடித்துக் காட்டினீர்கள். அந்த ஆளைத்தான் நான் கல்யாணம் பண்ணிக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் கேட்டவர்களிடம் 'டெல்லிக் குளிர் இவளுக்கு ஒத்துக்கலை' என்றீர்கள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னீர்கள், நன்றியாகவே இருந்தது. ஆனால் முதல் முறை பதவி உயர்வு வந்தபோது அதே வாக்கியத்தை என்னிடமே சொன்னீர்கள். 'அன்னைக்கே பாத்தோமே, அந்தக் குளிர் உனக்கு ஒத்துக்காது.' எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊருக்காகச் சொன்ன பொய் உங்களுக்குள் எப்போது உண்மையானது? வலி எதனால் வந்தது என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தானே? அது குளிர் இல்லை. இவ்வளவுதான் இங்கே எழுத முடியும்.

அப்போது உங்கள் பள்ளிக்கூடம் காரணம், அப்புறம் உங்கள் அம்மா. அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, உங்கள் அக்கா அதைத் தெரிந்துகொள்ளட்டும். போன மே மாதம் நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள். இனி என்ன காரணம் என்று காத்திருந்தேன். 'இந்த வயசுல எதுக்கு?' என்றீர்கள். அந்த வாக்கியத்துக்குத்தான் புதன்கிழமை கையெழுத்துப் போட்டேன்.

போய்ச் சேர்ந்ததும் முதல் ஞாயிறு ஹுமாயூன் கல்லறைக்குப் போகப்போகிறேன். கடைசி நாள் நான் கேட்டதற்கு, 'தாஜ்மஹால் மாதிரின்னா பரவாயில்ல, வெறும் கல்லறைக்கு எதுக்கு டிக்கெட்?' என்று சொல்லிவிட்டீர்கள். நூலகப் படிக்கட்டில் தவறி விழுந்து 1556இல் செத்துப்போன புருஷனுக்கு பேகா பேகம் கட்டியது அது. 1570 வாக்கில் எழும்பியது. தாஜ்மஹாலுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் மூத்தது, அதற்கு முன்மாதிரியும் கூட. ஷாஜகான் கட்டினால் காதல் சின்னம், பேகா பேகம் கட்டினால் வெறும் கல்லறை. வேதியியல் வாத்தியார் இதை எனக்கு விளக்க வேண்டும்.

நாம் பிரியவில்லை. படிக்கிறவர்கள் அப்படி ஏதும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அக்காவும் போன் போட வேண்டாம். பிப்ரவரி முதல் வாரம் சேரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் வருவதானால் மார்ச்சில் வாருங்கள், உண்மையில் குளிர் ஒத்துக்கொள்ளாதது உங்கள் சைனஸுக்குத்தான். நான் பகலில் அலுவலகத்தில் இருப்பேன். வழியை நீங்களேதான் கேட்டுப் போக வேண்டியிருக்கும், அதற்கு வேண்டிய நாலு வாக்கியத்தை இந்தியில் எழுதித் தருகிறேன்.

கேஸ் பதிவு என் நம்பரில் இருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள். மாத்திரை டப்பாவில் இரவு மாத்திரை இந்த வாரம் வரைக்கும்தான் வரும்.