கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தில் குடிநீருக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு வணக்கம்.

கொட்டியாரக் குடாப் பக்கம் எங்கள் ஊரில் பழைய பற்றரி உடைத்து ஈயம் எடுத்த வளவைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. முறைப்பாடும் படங்களும் உங்கள் கோப்பில் இருக்கின்றன. இப்போது கிணற்றுத் தண்ணீர் அறிக்கையும் வந்துவிட்டது, நன்றி. கடினத்தன்மை, புளோரைட்டு, கிருமி எல்லாம் பார்த்திருக்கிறீர்கள். ஈயத்துக்கு நேரே மட்டும் ஒரு சிறு கோடு. கட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகத்துக்கும் அதே கோடு, அதாவது சோதிக்கவே இல்லை. நாங்கள் கேட்டதே அந்த இரண்டையும்தான்.

அறிக்கையைக் கொண்டுவந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். “பயப்படாதீங்க, கொதிக்கவைச்சுக் குடியுங்க” என்றார். கிருமிக்கு அது சரி. ஈயம் உருகுவதற்கே 327 பாகை செல்சியஸ் வேண்டும் ஐயா. கேத்தலில் தண்ணீர்தான் ஆவியாகப் போகும், ஈயம் அப்படியே கிடக்கும். வற்ற வற்ற, மிஞ்சிய தண்ணீரில் அதன் செறிவு கூடும்.

அந்த வளவுக்கு அடுத்த வீட்டில் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர் இருக்கிறார். கைக்குழந்தையின் பால்மாவுக்கு மட்டும் கடையில் ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய தண்ணீர் வாங்குகிறார். எல்லோருக்கும் வாங்கக் கூலிக்காசு போதாது. மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் சோற்றுக்கும் தேநீருக்கும் கிணற்றுத் தண்ணீர்தான். உங்கள் ஆலோசனையை எங்கள் ஒழுங்கையில் அவரைப்போல ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர் யாரும் இல்லை. நன்றாகக் கொதிக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் விறகு தள்ளுகிறார். ஆறவைத்து, பள்ளிக்கூடப் போத்தலில் நிரப்பிக் கொடுத்தனுப்புகிறார். “சேர், இந்தத் தண்ணி பரவாயில்லையா?” என்று என்னைக் கேட்கிறார். உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவன் நான். கண்ணால் பார்த்தோ நாக்கில் வைத்தோ சொல்லக்கூடிய விசயமா இது? உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஈயத்துக்கு வைத்திருக்கும் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். அதைப்போலப் பல மடங்கு இருந்தாலும் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும்.

ஆகவே கேட்கிறேன்: தண்ணீரில் கரைந்த உலோகத்தை மின்சாரம் கொண்டு அளக்கும் மின்னிரசாயன உணரிக் கருவி ஒன்றை மாவட்டத்துக்கு வாங்குங்கள். கிணற்றடியிலேயே சோதித்து, முடிவை அங்கேயே சொல்லுங்கள்.

இது ஏதோ நேற்று முளைத்த வித்தை இல்லை. இதன் மூல முறையைச் செக் நாட்டு இரசாயன அறிஞர் ஹெய்ரோவ்ஸ்கி 1922 இல் கண்டுபிடித்தார், 1959 இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. தண்ணீரில் அமிலத்தன்மையை மாறாமல் வைத்திருக்கும் தாங்கற் கரைசல் சிறிது சேர்த்து, தண்ணீருக்குள் விட்ட மின்வாய்க்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்தால், கரைந்திருக்கும் உலோகம் மின்வாயின் மேல் படியும். அப்புறம் அழுத்தத்தை மெல்ல மெல்ல நேர்ப்பக்கம் உயர்த்த, படிந்த உலோகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். முதலில் கட்மியம், பிறகு ஈயம். கழலும் இடம் எந்த உலோகம் என்று காட்டும், அப்போது எழும் மின்னோட்டம் எவ்வளவு என்று சொல்லும். முன்பு இதற்குப் பாதரசம் தேவைப்பட்டது. 2000 ஆம் ஆண்டு முதல் அதன் இடத்துக்குப் பிசுமத்து என்ற உலோகத்தின் படலம் வந்துவிட்டது. ஆர்சனிக்குக்குத் தங்க மின்வாய் பயன்படுகிறது. கருவி ஒரு பைக்குள் அடங்கும், முடிவும் நிமிடக்கணக்கில் வரும்.

குறைகள் உண்டு, மறைக்கவில்லை. செம்பு கூடுதலாக இருந்தால் அளவீடு குழம்பும், அழுகிய இலைதழைகளிலிருந்து கரைந்து வரும் சேதனப் பொருள் மின்வாயை மூடும். சந்தேகமானவற்றை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி உறுதிசெய்யுங்கள். ஆனால் அனுப்பும்போது போத்தலில் நைத்திரிக் அமிலம் விட்டு அனுப்புங்கள். இம்முறை எங்கள் கிணற்றுத் தண்ணீர் வெறும் சோடாப் போத்தலில் போனது. ஈயம் போத்தல் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்தக் கோட்டுக்குப் பதில் ஓர் இலக்கம் இருந்திருந்தாலும் நான் அதை நம்பியிருக்க மாட்டேன்.

நம் மாவட்டத்தில் எதையும் அளக்க ஆள் இல்லை என்று சொல்லமுடியாது. துறைமுகத்தின் ஆழம் உலகத்துக்கே தெரியும். சீனக்குடாவில் இருக்கும் 99 எண்ணெய்க் குதங்களில் 14 இந்திய நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவருக்கும் கூட்டாக என்று 2022 இல் கணக்காகப் பிரித்தாயிற்று. பாவம், எங்கள் கிணறுகளில் எண்ணெய் இல்லை. மணல் தரை, ஆழமில்லாத கிணறு, அதன் மேல் பற்றரி அமிலம். அமிலம் இறங்கினால் மண் பிடித்துவைத்திருக்கும் ஈயமும் இளகி வரும். இதற்கு எந்த நாட்டுத் தூதுக்குழு வரும்?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது பெரிய விசயம் இல்லை. மாவட்டத்துக்கு ஒரு கருவி, அதை இயக்கப் பழகிய ஒருவர். முடிவைக் கிராம சேவகர் அலுவலகப் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டினால் போதும். கருவி வரும்வரை அந்த வளவைச் சுற்றியுள்ள வீடுகளுக்குப் பவுசரில் தண்ணீர் அனுப்புங்கள். கொதிக்கவைக்கச் சொன்னது ஈயத்துக்குப் பொருந்தாது என்பதை அந்தத் தாயிடம் உங்களில் ஒருவர் நேரில் வந்து சொல்லுங்கள். நான் சொன்னேன். “ஒபிஸில இருந்து வந்தவர் அப்படிச் சொல்லேல்லையே சேர்” என்கிறார்.

தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர் ஒருவர்