குடும்பத்தோடு சிரிக்கச் சொன்ன விமர்சனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வெளிவந்த திரை விமர்சனத்தில், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவராக நடித்திருக்கும் நகைச்சுவை நடிகரின் காட்சிகளைக் குடும்பத்தோடு பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கலாம் என்று உங்கள் விமர்சகர் எழுதியிருந்தார். என் குடும்பத்தில் என் தம்பியும் இருக்கிறான். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நாங்கள் எப்படிச் சிரிப்பது? அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகையை வாங்கி வரும் வீடு என்ற உரிமையில் கேட்கிறேன்.

தம்பிக்கு இப்போது 34 வயது. கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டம். விடிந்ததும் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறவன் அவன்தான். அங்கே கொடுக்கும் சீட்டில் உள்ள கொழுப்பு அளவும் தொகையும் அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, என் கையில் சேர்க்கும்வரை வழியில் யார் கூப்பிட்டாலும் நிற்கமாட்டான். அப்படிப்பட்டவனை, அந்தப் படத்தின் காட்சி கைப்பேசிகளில் பரவிய பிறகு, பேக்கரி முன்னால் இளைஞர்கள் மறித்து, அந்த நடிகரைப் போல நாக்கைத் துருத்திக்கொண்டு நடந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். தன்னோடு சிநேகம் பிடிக்கிறார்கள் என்று நம்பி அவனும் நடந்து காட்டியிருக்கிறான். இப்போது வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால், யாரும் கேட்காமலேயே எழுந்து அப்படி நடக்கிறான்.

இது ஒரு படத்தோடு வந்த வினையன்று. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, வளர்ந்த ஆளுக்கு அரைக்கால் சட்டை, வாயோரம் எச்சில், போகிறவர் வருகிறவர் எல்லாம் தலையில் ஒரு தட்டு என்பதுதான் தம்பியைப் போன்றவர்களுக்குச் சினிமா கொடுத்திருக்கும் உருவம். கடைசியில் தலையில் அடிபட்டதும் புத்தி தெளிந்துவிடும். மனநோய் வேறு, அறிவுத்திறன் குறைபாடு வேறு என்ற அடிப்படைகூடத் தெரியாமல் எழுதப்படும் கதைகள் இவை. மனநோய் எந்த வயதிலும் வரலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. அறிவுத்திறன் குறைபாடோ வளரும் பருவத்திலேயே தொடங்கி வாழ்நாள் முழுவதும் உடனிருப்பது. பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் பலரும் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள், ஆனால் அடியாலும் அதிர்ச்சியாலும் அது மாறாது. தம்பியைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று சொல்லித் தலைமையாசிரியர் எங்களைத் திருப்பி அனுப்பினார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, வந்தவர்கள் சிரித்துவிடக் கூடாதே என்று உறவினர்கள் அவனைத் தோட்டத்துக் குடிசையான சாளைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அந்தச் சிரிப்பை ஊராருக்குப் பழக்கியதில் சினிமாவுக்குப் பங்கில்லை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

உங்களுக்குத் தெரியாத சட்டமில்லை. மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்யும் காட்சிகள் தேவையின்றி இடம்பெறக் கூடாது என்று 1991-ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கை நெறிமுறைகளே சொல்கின்றன. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92-ஆவது பிரிவு. ஓர் இந்திப் படம் தொடர்பான வழக்கில் 2024 ஜூலை 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், குறைபாட்டைப் புரியவைக்கும் நகைச்சுவையையும் அந்த மனிதரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவையையும் பிரித்துக் காட்டியது. இவ்வளவுக்குப் பிறகும் இந்தக் காட்சிகள் திரைக்கு வருகின்றன, உங்கள் பத்திரிகையில் பாராட்டும் பெறுகின்றன.

சிரிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் பெரிய மாமாவின் குரலில் தம்பி அதட்டிக் காட்டும்போது அந்த மாமாவே விழுந்து விழுந்து சிரிப்பார். அங்கே சிரிக்க வைப்பவன் அவன். அப்படி ஒரு பாத்திரத்தை எழுத நம் இயக்குநர்களில் ஒருவருக்குமா தோன்றவில்லை?

நான் கேட்பது பெரிதல்ல. விமர்சனத்தின் அடியில் மதிப்பெண் போடும் கட்டத்தில், மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்யும் காட்சிகள் உள்ளன என்று ஒரு வரி சேர்த்தால், எங்களைப் போன்ற குடும்பங்கள் விலகிக்கொள்வோம். இக்கடிதத்தை வெளியிட இடமில்லாவிட்டால், அந்த விமர்சகரிடமாவது படிக்கக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.