பாவும் ஊடையும்: திரைத்துறையினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும், சேலம் குகையிலிருந்து வணக்கம்.

என் அப்பா தறி நெய்தவர். ஆடி மாதம் எங்கள் பகுதியில், சாமி வேடமிட்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை நடக்கும். 1988ஆம் ஆண்டுத் திருவிழாவுக்காக அவர் அம்மன் மேல் ஒரு பாட்டுக் கட்டினார். மெட்டும் அவருடையதே, குழித்தறியில் ஊடை நூலைச் சுமந்து நாடா ஓடுகிற ஓட்டத்திலேயே அமைந்த மெட்டு. 'பாவாக நீ கிடந்தாய், ஊடையாய் நான் நடந்தேன்' என்று தொடங்கும். ஒலிபெருக்கிக் கடைக்காரர் ஒருவர் அதை கேசட்டில் பதிந்து விற்றார். எத்தனை விற்றது என்று அப்பா கேட்டதில்லை. 2011இல் காலமானார்.

சென்ற ஆண்டு அம்மாவைத் திரையரங்குக்கு அழைத்துப் போயிருந்தேன். இடைவேளைக்குப் பிறகு ஒரு திருவிழாக் காட்சி. முதல் வரி ஒலித்ததுமே அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அடுத்த வரியில் பிடி தளர்ந்தது. 'ஊடலாய் நான் நடந்தேன்' என்று பாடினார்கள். பாவு என்பது தறியில் நீளவாக்கில் கிடக்கிற நூல், ஊடை என்பது அதற்குக் குறுக்கே ஓடுகிற நூல். கேசட்டைக் கேட்டு எழுதியவருக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. தாயிடம் ஒரு நெசவாளி தன் பிழைப்பைச் சொன்ன வரி, காதலர் பிணக்காக மாறிப்போனது. பெயர்கள் ஓடி முடியும்வரை இருவரும் நின்றோம். பெருக்க வந்த பெண்மணி விளக்குமாற்றுடன் எங்களுக்காகக் காத்திருந்தார். 'நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டிருந்தார்கள்.

தயாரிப்பு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். "நாட்டுப்புறப் பாட்டுக்கு யாரிடம் போய் அனுமதி கேட்பது?" என்றார் பேசியவர். பிறகு, கேசட் போட்டவரிடம் வாங்கிவிட்டோம் என்றார்.

அந்த இரண்டு பதிலுக்கும்தான் இந்த மடல். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் எங்கும் பதிவு செய்யாவிட்டாலும் பாட்டு அவருடையதுதான். அவர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள் அந்த உரிமை நிற்கும். அப்பாவின் பாட்டுக்கு 2071 முடியும்வரை. ஒலிப்பதிவின் உரிமை வேறு, வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு. எழுத்தில், கையெழுத்துடன் தராத உரிமையை ஒருவர் விற்கவும் முடியாது, நீங்கள் வாங்கவும் முடியாது. ஒருவேளை அப்பா அதை விற்றே இருந்தாலும், இதை எழுதியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57ஆம் பிரிவு அவரிடமே விட்டுவைக்கிறது. பெரிய இசையமைப்பாளர்களின் பாடல் என்றால் வழக்கறிஞர் கடிதம் வரும், நீதிமன்றம் தடை போடும் என்று உங்களுக்குத் தெரியும். குகையிலிருந்து என்ன வந்துவிடும் என்றுதானே நினைத்தீர்கள்?

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. நூறு படங்களுக்கு மேல் எடுத்த நிறுவனம். கண்ணதாசன் வேலை பார்த்த இடம். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அப்பா ஜன்னல் வழியே அதைத் திரும்பிப் பார்ப்பார். திரையில் தன் பெயர் வர வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்ததா, தெரியாது. கேட்காமல் விட்டது என் தவறு.

பாட்டைக் கட்டியவர் யார் என்று தெரியவில்லை என்றால், எந்த ஊரில் கேட்டீர்களோ அந்த ஊருக்கு ஓர் ஆளை அனுப்புங்கள். படப்பிடிப்புக்கு இடம் பார்க்கச் சேர்வராயன் மலையின் கொண்டை ஊசி வளைவுகளை எல்லாம் ஏறி இறங்குகிறவர்கள்தானே நீங்கள்? குகையில் எந்த டீக்கடையில் கேட்டிருந்தாலும் எங்கள் வீட்டைக் காட்டியிருப்பார்கள். ஆள் கிடைக்கும்வரை 'நாட்டுப்புறப் பாடல்' என்று போடாதீர்கள்.

எங்களுக்கு வேண்டியது இரண்டு. இணையத்தில் ஓடுகிற படத்திலாவது அப்பாவின் பெயரைச் சேருங்கள். அந்த வரியைத் திருத்திப் பாடி மாற்றுங்கள். பணத்தைப் பற்றி அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசலாம். அப்பா நீல மையில் எழுதிய நோட்டு அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. 'ஊடை' என்ற சொல்லுக்குக் கீழே அவரே கோடு போட்டிருக்கிறார்.