பெரியவனுக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கிணற்று மோட்டார் சரியாகிவிட்டது. நீ போன் பண்ணி இருபத்திரண்டு நாளாகிறது. வேலை இருக்கும். அதற்காக எழுதவில்லை.

உன் ஆபீசில் ஒரு தேதி தவறிவிட்டது என்று சின்னவன் ஏதோ சொன்னான், அதை விடு. தேதிக் கணக்கைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வக்கீல் குமாஸ்தாவுக்கு வேறென்ன தெரியும்?

ஆர்பிட்ரேஷன் அவார்டை, அதாவது நடுவர் தீர்ப்பை, எதிர்த்து ஆர்பிட்ரேஷன் சட்டம் 34-வது பிரிவில் மனுப் போட மூன்று மாதம். தொண்ணூறு நாள் என்று எண்ணாதே, காலண்டர் மாதம். கையெழுத்திட்ட பிரதி கட்சிக்காரர் கைக்குப் போன நாள்தான் கணக்கு, வக்கீலுக்கு வந்த நாள் அல்ல. பெற்ற நாளை விட்டு எண்ணு. ஜனவரி 5 என்றால் ஏப்ரல் 5. தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள், மே 5. அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. கடைசி நாள் மே விடுமுறையில் வந்தால் கோர்ட் திறக்கிற அன்று போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் பலர் குழியில் விழுகிறார்கள். அந்தச் சலுகை முதல் மூன்று மாதத்துக்குத்தான், பிந்தைய 30 நாளுக்கு இல்லை. 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தபால் உறையைத் தூக்கிப் போடாதே, வழக்குக் கட்டிலேயே சேர்த்துத் தை.

கம்பெனி திவால் வழக்கில் என்சிஎல்டி, அதாவது தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம், போட்ட உத்தரவுக்கு அப்பீல் 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள். உத்தரவு சொன்ன நாளிலிருந்தே ஓடும். இணையத்தில் ஏற்றட்டும் என்று காத்திருந்தால் போச்சு. உத்தரவு நகல் கேட்டு உடனே மனுப் போடு.

உனக்குத் தெரியாததா! பரங்கிமலையில் ராணுவ அதிகாரிப் பயிற்சி முடித்து, பத்து வருஷம் ராணுவத்துக்கு அரிசியும் டீசலும் அனுப்பிவிட்டு வக்கீலானவன் நீ. மற்றவர்கள் ஒப்பந்தத்தில் அபராதம் எவ்வளவு என்று பார்க்கும்போது, சரக்கு எந்த வாசலில் இறங்கும், யார் எடை போடுவார், மழையில் ரோடு அடைத்தால் லாரி வாடகை யார் தலையில் என்று நீ கேட்பாய். போன வருஷம் நீ எழுதிய கருத்துரையைச் சின்ன மாமாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். ஸ்டோர் பொறுப்பு மாற்றும்போது மூட்டையை எண்ணாமல் கையெழுத்துப் போடாதவன், ஜூனியர் குறித்த தேதியை எண்ணிப் பார்க்க வேண்டாமா? பெற்ற நாளை விட்டு எண்ணு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

இருப்பு குறைந்தால் அன்றைக்கே மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்று நீதான் சொல்வாய். கட்சிக்காரருக்கும் அப்படியே எழுது. எந்தத் தேதி தவறியது, மிச்சம் என்ன வழி இருக்கிறது, வேறு வக்கீலிடமும் அவர் கேட்டுக்கொள்ளலாம், இவ்வளவு போதும். கட்டை அப்படியே வை, எதையும் திருத்தாதே. ஜூனியர் பெயரை எழுதாதே.

1999-ல் அந்த மில் வழக்குக் கட்டு. டைரியில் கோர்ட் திறக்கிற நாளைக் குறித்தது நான். பழி ஜூனியர் சார் மேல் விழுந்தது. அவர் ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். அந்த டைரிப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டது நான்தான். அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

உளுந்து பார்சலில் வருகிறது. பிரித்ததும் வெயிலில் காயவை.

அப்பா