கரிசல் காட்டில் அஸ்திவாரம்

கொழிஞ்சாம்பாறை,
தை மாதம்.

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. பொங்கலுக்கு அங்கே வர முடியாமல் போனது வீட்டு வேலையால்தான். ஒருவழியாக அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் போட்டாச்சு. நீயும் பொள்ளாச்சிப் பக்கம் அப்பா நிலத்தில் கட்டப்போவதாக எழுதியிருந்தாய். அதுவும் கரிசல் காடாச்சே, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேரளாவில் கரிசல் மண் அதிகமாக இருப்பது எங்க சித்தூர் தாலுக்காவில்தான். மேற்கே போனால் செம்புறாங்கல் பூமி, ரெண்டு மூணு அடி வானம், அதாவது அஸ்திவாரப் பள்ளம், எடுத்துக் கருங்கல் கட்டிவிடுவார்கள். எங்க காண்ட்ராக்டரும் முதலில் அதைத்தான் சொன்னார். இங்கே அது ஆகாது. மழையில் இந்த மண் உப்பும், வெயிலில் சுருங்கிக் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மேலே நிற்கும் சுவரையும் சேர்த்துத் தூக்கி இறக்கும். எங்க தெருவில் பழைய வீடுகளைப் பார், சன்னல் மூலையிலிருந்து விரிசல் சாய்வாக ஓடியிருக்கும். அதனால் கரிசலைத் தாண்டிச் சுக்காம்பாறை, அதாவது உதிர்ந்த மாதிரி இருக்கும் கெட்டிப் பாறை, தட்டும் வரை பில்லர் குழி எடுக்கச் சொன்னேன். ஆறடிக்கும் கீழே போயிற்று. தோண்டிய கரிசலைத் திரும்ப உள்ளே தள்ள விடவில்லை, கிராவல் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தச் சொல்லியிருக்கிறேன். பில்லர்களை இணைத்துச் சுவரைத் தாங்கும் கான்கிரீட் பெல்ட்டுக்கு அடியிலும் மூன்று அங்குலம் இடைவெளி விடப்போகிறோம். மண் உப்பினாலும் பெல்ட்டை முட்டாது.

"கண்ணுக்குத் தெரியாத இடத்துல இவ்வளவு காசாப்பா?" என்று பெரியவன் கேட்டான். டைல்ஸ் பிடிக்காவிட்டால் பத்து வருசம் கழித்தும் மாற்றலாம், இதை மாற்ற முடியுமா?

கான்கிரீட் போடும் அன்று நீ கண்டிப்பாக மிக்சர் பக்கத்தில் நிற்க வேண்டும். எங்களுக்கு எம்20, அதாவது சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவை. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கலவை கெட்டியாக இருந்தால் தள்ளுகிறவர்களுக்குச் சிரமம், குடத்தைச் சாய்க்கத்தான் பார்ப்பார்கள். அந்த அதிகத் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் பொடிப்பொடி ஓட்டையாகிப் பலம் போய்விடும். கெட்டிக் கலவையை மூலைமுடுக்கெல்லாம் இறக்கத்தானே வைப்ரேட்டர்? குழிக்குள் பின்னி வைத்த கம்பி வலைக்கு அடியில் மேஸ்திரி ஜல்லித் துண்டு வைத்தார். எடுத்துவிட்டு 50 மி.மீ. கவர் பிளாக், அதாவது கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கான்கிரீட் கட்டை, வைக்கச் சொன்னேன். கம்பி மண்ணோடு ஒட்டினால் துருப்பிடித்துவிடும்.

இப்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பகலெல்லாம் வீசுகிறது. கான்கிரீட் மேல் நனைத்துப் போட்ட சாக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. நாங்கள் போட்ட பிபிசி (PPC, போர்ட்லேண்ட் பொசோலானா) சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும். நம்ம வெயிலுக்கு 14 நாள் விடுவதுதான் நல்லது. காலையிலும் சாயங்காலமும் நானே குழாயைப் பிடித்துவிடுகிறேன்.

என்ஜினியரிடம் பிளான் வாங்குவதற்கு முன்னால், ஜேசிபி வைத்து ஒரு குழி எடுத்து, கரிசல் எத்தனை அடி இருக்கிறது என்று பார்த்துவிடு. எந்த நாள் என்று எழுது, நானும் வருகிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மச்சான்