பேர் தெரியாத அந்த நர்ஸ் அக்காவுக்கு நன்றி

எங்க ஊரு வேலூர் மாவட்டத்துல பீஞ்சமந்தை பக்கம் மலைமேல, ஒடுகத்தூர்ல இருந்து ஏறி வரணும். போன சாமை அறுப்பு நேரத்துல எங்கம்மாவ கால்ல பாம்பு கடிச்சிடுச்சி, நாங்க பதறிப்போய் துண்டை எடுத்து இறுக்கி கட்டிட்டோம். அப்போ ஊசி போட வந்திருந்த நர்ஸ் அக்கா ஓடியாந்து, கட்ட அவுக்க சொல்லி, கடிவாய கீறாத, வாய வச்சி உறியாதன்னு தடுத்து, மூங்கில் பட்டைய வச்சி கால் ஆடாம தளர்வா கட்டி, டோலில போட்டு தூக்கிகினு இறங்கினப்போ கூடவே நடந்தாங்க. வழி பூரா அம்மா கைய விடல. செருப்பு வார் அறுந்துடுச்சி, அத இடுப்புல சொருவிகினு வெறுங்காலோட கல்லுல இறங்கினாங்க.

கீழ ஆஸ்பத்திரில விஷமுறிவு மருந்து ஏத்தி அம்மா பொழச்சிட்டாங்க, அக்கா அதுக்குள்ள கிளம்பிட்டாங்க, பேரு கூட கேக்கல.

1900ல ஐடா ஸ்கடர் அம்மா வேலூர்ல ஒரே ஒரு கட்டிலோட வைத்தியம் ஆரம்பிச்சாங்கன்னு எங்க பாட்டி சொல்லும், நாங்க கண்ணால பாத்தது இந்த அக்காவ தான். பதினஞ்சு வருஷமா ஊசி மருந்து வைக்கிற குளிர்பெட்டிய தோள்ல மாட்டிகினு மலை ஏறுறாங்களாம்.

அக்கா, இது உங்க கண்ணுல பட்டா ஒருவாட்டி வீட்டுக்கு வாங்க. அம்மா உங்களுக்குன்னு சாமை அரிசி புடைச்சி எடுத்து வச்சிருக்காங்க.